டைமுக்கு முன்னால் ஒரு சின்ன வார்த்தை

கைபேசி மேசைமேல் அதிர்ந்தால் இப்போதெல்லாம் கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடுகிறேன். போன வாரம் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்படித்தான் அதிர்ந்தது. அடுப்பில் குழம்பு. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் ஆலிவர், என் மகள் சுபாவின் வெள்ளைக்கார மாப்பிள்ளை. சுபா உண்டானது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்த சந்தோஷம் அது. பேறுகாலத்துக்கு இன்னும் நிறைய நாள் கிடந்தது.

‘வி காட் ஹியர் இன் டைம். ஷி இஸ் ஓகே ஃபார் தி டைம் பீயிங். ப்ளீஸ் டோன்ட் வொர்ரி.’ நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்துவிட்டோம், இப்போதைக்கு அவள் நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதீர்கள். அவ்வளவுதான். குழந்தையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை. நீ இருந்திருந்தால் அந்த நிமிஷமே உனக்கு அனுப்பி, ‘ஏட்டி, இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டிருப்பேன். கேட்க ஆளில்லாமல் அந்த மூன்று வரியை நானே திருப்பித் திருப்பிப் படித்தேன்.

நாம் இருவரும் ஐம்பது தாண்டின பிறகு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்ததை ஊரே சிரித்தது. எனக்கு மாப்பிள்ளையோடு பேச வேண்டும். உனக்குத் துபாயில் பேரப்பிள்ளைகள். “வீடியோல வந்து என்னமோ கேக்கான், நான் பொம்மை மாதிரி தலையாட்டுதேன். எனக்கே வெக்கமா இருக்கு” என்றாய். நீ கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருவாய், நான் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். மொபைல் கடை மாடியில் வகுப்பு. மிஸ்ஸுக்கு நம் பிள்ளைகள் வயதுகூட இருக்காது. மற்றவர்கள் எல்லாம் வேலைக்குப் போகப் படிக்கிற பொடிசுகள். கடைசி பெஞ்சில் நாம் இருவரும் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

டைமை வைத்து ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினாள் அந்தப் பெண். ஆன் டைம், இன் டைம், அட் டைம்ஸ், இன் நோ டைம் என்று போர்டு நிறைய எழுதினாள். உனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏட்டி, இந்த வெள்ளக்காரன் டைமுக்கு முன்னால ஒரு சின்ன வார்த்தைய வச்சே ஆளைப் பயங்காட்டுதான் பாத்தியா?” என்றாய். ஃபார் தி டைம் பீயிங் என்றால் இப்போதைக்கு என்று மிஸ் சொன்னதும் எழுந்து நின்று கேட்டாய்: “இப்போதைக்குன்னா, அப்புறம் என்னாகும் மிஸ்?” வகுப்பே சிரித்தது. மிஸ் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொன்றுக்கும் நாமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அப்பப்போ என்று அர்த்தம் சொன்ன ஃப்ரம் டைம் டு டைம் உன் முறைக்கு வந்தது. எழுந்து, நெஞ்சில் கை வைத்து, “ஃப்ரம் டைம் டு டைம் மை செஸ்ட் இஸ் பெயினிங்” என்றாய். மிஸ் வாக்கியத்தைத் திருத்தினாள். உட்கார்ந்ததும் நான் நிஜமாவா என்று கேட்டேன். “ஒண்ணுமில்லட்டி, கேஸ் ட்ரபிள்” என்று முறுக்கை நீட்டினாய்.

இன் டைமுக்கு உதாரணம் ஐந்தருவியில் கிடைத்தது நினைவிருக்கிறதா? வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு போனோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நான் கண்ணை மூடித் தலையைக் கொடுத்து நின்றேன். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியதை நீதான் பார்த்தாய். போலீஸ்காரரின் விசில் அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவேயில்லை. நீ என் கொண்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் உயிரே போயிற்று. நாம் படியேறித் திரும்பிப் பார்த்தபோது நாம் நின்ற இடமே வெள்ளத்தில் தெரியவில்லை. பல் கிடுகிடுக்க என்னைக் கட்டிக்கொண்டு, “இன் டைம்! இதுதாம்ட்டி இன் டைம்!” என்று சிரித்தாய். எனக்கு அழுகைதான் வந்தது.

அதனால் ஆலிவரின் முதல் வரி எனக்கு நன்றாகவே புரிந்தது. பிழைத்துவிட்டோம் என்கிறான். அடுத்த இரண்டு வரிதான் என்னைக் கொன்றது. நம்ம ஊரில் யார் சாவைப் போனில் சொல்லுகிறார்கள்? உன் மாமனார் இறந்தபோது சவுதியிலிருந்த உன் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னார்கள்? “வாப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, வேற ஒண்ணுமில்ல, லீவு கிடைச்சா வந்துட்டுப் போ.” திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்தவருக்கு, செங்கோட்டை நெருங்க நெருங்க டிரைவர் பேச்சைக் குறைத்தபோதுதான் புரிந்ததாம். தூரத்தில் இருக்கிறவன் பதறக் கூடாது என்று பாசத்தில் செய்கிற காரியம். ஆனால் பழகிப் பழகி, நல்ல சேதி சொன்னால்கூட நாம் நம்புவதில்லை.

எனக்கும் அதைத்தானே செய்தார்கள்? உன்னை லாத்தா என்று கூப்பிடுகிற உன் தம்பி போன் போட்டான். “அக்கா, பதறாதீங்க, லாத்தாவுக்குக் கொஞ்சம் முடியல. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” முடியாதவளைப் பார்க்கப் போகிறோமே என்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உன் தெருமுனை திரும்பியதும் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்கள் தலையில் தொப்பியோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பையோடு நடுத்தெருவில் நின்றேன் பார், அந்த நிற்பை நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். நெஞ்சுவலி வந்து நாளாயிற்றாம், யாரிடமும் சொல்லவில்லையாம். உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, கேட்டுக்கோ.

ஆலிவரின் சேதியைப் படித்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பை அணைத்தேன். ஹாலில் கிடந்த சோபாவைச் சுவரோரம் தள்ளினேன். டீப்பாயைத் தூக்கி உள்ளே வைத்தேன். நாலு பேர் வந்து தரையில் உட்கார இடம் பண்ணுகிறேன் என்பது பாதி வேலையில்தான் எனக்கே உறைத்தது. சீ, என்ன கை இது என்று என் கையையே அடித்துக்கொண்டேன்.

கடையிலிருந்து இவர் சாப்பிட வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். “எதுக்குட்டி சோபாவ நவுத்திருக்க?” முகம் வெளுத்துவிட்டது மனுஷனுக்கு. “சுபாவுக்கு என்ன ஆச்சு? எங்கிட்ட எதையும் மறைக்கியா?” சேதியைக் காட்டினேன். படித்துவிட்டு, “நல்லா இருக்கான்னுதான போட்டிருக்கு” என்றார். சொல்லிவிட்டு அவரும் தரையில்தான் உட்கார்ந்தார்.

பிறகு போன் வந்தது. சுபாவே பேசினாள். உயிரோடு இருக்கிறாள்! “ம்மா, ஒண்ணுமில்லம்மா. பையன் பொறந்துட்டான். சும்மா ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு அனுப்பிருவாங்க. நீ பேசாம சாப்பிட்டுத் தூங்கு.”

ஒண்ணுமில்லையாம். சும்மாவாம். போன உயிர் திரும்பி வந்த வேகத்தில் மறுபடி போயிற்று. கடல் தாண்டிப் போனாலும் அவள் நம்ம ஊர்ப் பிள்ளைதானே? பெற்றவள் பதறக் கூடாது என்று பாசத்தில் பொய் சொல்லுகிறாள். “ஏளா, போனை அவர்ட்ட குடு” என்றேன். “அவர்ட்ட எதுக்கும்மா?” “குடுங்கேன்லா!”

படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கே போயிற்றோ. “ஆலிவர், பேபி அலைவ்? டெல் மீ ட்ரூத்” என்றுதான் வந்தது. ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கியிருக்காது. பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். குழந்தை உயிரோடு இருக்கிறது. ரொம்பச் சின்னது. நாள் ஆகுமுன் பிறந்ததால் நுரையீரல் இன்னும் வளரவில்லை, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். பிழைக்கும் என்றுதான் டாக்டர்கள் நினைக்கிறார்கள். ஆனால் இந்தச் சில நாளைத் தாண்டாமல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ‘வி டோன்ட் நோ யெட்’ என்றான். ‘யூ டெல் எவ்ரிதிங், பேட் ஆல்சோ’ என்றேன். ‘எவ்ரிதிங், ஐ ப்ராமிஸ்’ என்றான்.

இவருக்கு ஒன்று விடாமல் சொன்னேன். குழாய் என்ற இடத்தில் நாக்கு, அதை விட்டுவிடு என்றது. விடவில்லை. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தரம்.

அன்றிலிருந்து தினமும் ஆலிவர் எழுதுகிறான். நேற்று ராத்திரி மூச்சு திணறியது, இப்போது பரவாயில்லை என்று ஒரு நாள். இன்று, நேற்றுப்போலவேதான் இருக்கிறான், குழாயை இன்னும் எடுக்கவில்லை என்று. அதைப் படித்துவிட்டு இரண்டு வாய் சோறு என்னால் சாப்பிட முடிகிறது. என்ன ஆகும் என்று தெரியாது. எதற்குப் பயப்படுகிறேன் என்றாவது தெரிகிறது. உன் விஷயத்தில் எனக்கு அதுகூட இல்லை. பயப்படவே விடாமல் போய்விட்டாய், பாவி.

உன்னைப்போலவே நானும் இப்போது அப்பப்போ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். என்ன செய்யுது என்று இவர் கேட்கிறார். பயமா இருக்கு என்று சொல்லிவிடுகிறேன்.