குடோனில் பேர் சொல்லக் கூடாது

பாய்,

போன வாரம் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். உனக்குச் சிரிப்பு வரும். கடைக்காரர் ஒரு ஏர் ரைஃபிளை உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியது. உன் சட்டையில், உன் சாப்பாட்டுப் பையில், உன் நகக்கண்ணில் எப்போதும் அடித்துக்கொண்டிருந்த வாடை அது. நீ செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மீஞ்சூர் பக்கம் நம் முதலாளி புதிதாகக் கட்டியிருக்கும் குடோனில் எலித் தொல்லை. அங்கே வந்திருக்கும் மேனேஜர், "அண்ணே, அந்தக் காலத்துல துப்பாக்கி பாத்து வாங்குனது நீங்கதானாமே, வந்து ஒண்ணு பாத்துக் குடுங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். யாரிடம் வந்து எதைக் கேட்கிறான் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர் குறி பார்க்கிற ஸ்கோப்பை நீட்டியபோது இடது கண்ணில் வைத்துப் பார்த்தேன். "ரைட் கண்ணுல வச்சுப் பாருங்க சார், நல்லாத் தெரியும்" என்றார். வலது கண்ணைத்தான் நீ சுட்டுவிட்டாயே, பாய். அதை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும். "இதுவே போதும்" என்றேன்.

நம் திருவொற்றியூர் குடோன் இப்போதும் என் கனவில் நாறுகிறது. துறைமுகத்திலிருந்து வரும் துவரம்பருப்பும் கோதுமையும் கூரை முட்ட அடுக்கியிருக்கும், அத்தனையிலும் எலி மூத்திரம். கடலோரம் கொட்டிய பாறைகளுக்குள் குடும்பம் நடத்திய பெருச்சாளிகள் இருட்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து நம் ஷட்டருக்கு அடியில் நுழையும். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன், நீ எலக்ட்ரீஷியன். அவை கடித்துப் போட்ட வயரை மாற்றுவதே உனக்கு முழுநேர வேலை. பசைத் தட்டு வைத்தோம். ராத்திரியெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்தும். காலையில் பார்த்தால் தன் காலைத் தானே கடித்துத் துண்டாக்கிவிட்டு ஓடியிருக்கும், கால் மட்டும் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்து வைத்தோம். மூட்டை இடுக்கில் செத்துப் புழுத்து, அடுக்கையே பிரித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

கடைசியில் அவை ஏழுமலையைத் தின்றன. லோடுமேன்களுக்கெல்லாம் தலைவன், மூட்டை இழுக்கும் கொக்கியைத் தோளிலிருந்து இறக்காதவன். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனது அவனுக்கே தெரியாது. மத்தியானம் மூட்டை மேல் படுத்துத் தூங்கியவனின் கட்டைவிரல் சதையைப் பெருச்சாளி எலும்பு தெரியத் தின்றுவிட்டுப் போயிருந்தது. எழுந்து நடந்தவன் தன் ரத்தத்திலேயே வழுக்கி விழுந்தான். அதைப் பார்த்த பிறகுதான் முதலாளி துப்பாக்கிக்குச் சம்மதித்தார்.

எலி என்ற சொல்லை நம் குடோனில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வீட்டில் மருந்து வைக்கும்போதுகூட நம் பெண்கள் சத்தமாகப் பேச மாட்டார்கள். அது காதில் வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியிலிருக்கும் புடவையைக் குதறிவிடுமாம். லோடுமேன்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அதற்கு 'மாப்ள' என்று பேர் வைத்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் தின்னும், விரட்டவும் முடியாது, அதனால் மாப்ள. யாராவது "மாப்ள கீறான்" என்று குரல் கொடுத்தால் மற்றவர்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

நான் ஏழுமலையின் தங்கையைக் கட்டிக்கொண்டபோது குடோனே சிரித்தது. "இத்தினி நாளு மூட்டைக்கி அடில சுத்திகினு இருந்த மாப்ள, இப்ப வூட்டுக்குள்ளயே பூந்துட்டாம்பா!" என்று நீ பந்தியில் உட்கார்ந்து கத்தினாய். என் மாமியார் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று முதல் ஏழுமலை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தங்கை புருஷனை மாப்ள என்றுதானே கூப்பிட வேண்டும்.

துப்பாக்கி வாங்க உன்னை மட்டும் அனுப்பினால் பீரங்கியோடு வருவாய் என்று முதலாளி என்னையும் கூட அனுப்பினார். கடையில் இரண்டு அளவு காட்டினார்கள். பெரிய ரவை போடுகிற டூ டூ, சின்ன ரவை போடுகிற ஒன் செவன் செவன். நீ பெரியதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். குடோன் முழுக்க இரும்புத் தூண், சிமென்ட் தரை, மனுஷ நடமாட்டம், பட்டுத் தெறித்தால் யார் மேல் பாயும் என்று நான் கத்தினேன். "அந்தச் சின்னது கொசு கடிச்சா மாரி இருக்கும் நைனா. மாப்ள தோலு இன்னா தோலு தெரியுமா?" என்று நீ கத்தினாய். தலையில் பட்டால் சின்னதே போதும் என்று கடைக்காரர் என் பக்கம் சேர்ந்துகொண்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டாய்.

ஸ்கோப்பில் மறுபடி ஆரம்பித்தது. நாலு மடங்கு பெரிதாகக் காட்டுவது ஒன்று, திருகினால் ஒன்பது மடங்கு வரை போவது ஒன்று. "குடோனுக்குள்ள நாலே போதும் பாய். கிட்ட இருக்கறத ரொம்பப் பெருசாக்குனா அது மட்டுந்தான் தெரியும், பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியாது" என்று கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நீ காதில் வாங்கினால்தானே. ஒன்பதில் வைத்து, எதிர்ச்சாரியில் நின்ற பஸ் கண்டக்டரைப் பார்த்து, "அவன் மீசைல நரச்ச மயிரு தெரிது நைனா!" என்று துள்ளினாய். நான் விடவில்லை. கடை வாசலில் நின்று சண்டை போட்டோம், ஜனம் கூடிவிட்டது. கடைசியில் நீதான் சமாதானத்துக்கு வந்தாய். "துப்பாக்கி நீ சொன்னா மாரி. ஸ்கோப்பு நான் சொன்னா மாரி. பாதி பாதி." என்னால் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

அதன் பிறகு வந்த இரவுகளை ஒளித்து மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. நமக்கு அது பிடித்திருந்தது. சிவப்பு வெளிச்சம் எலிக்குத் தெரியாது என்று டார்ச்சில் சிவப்புக் கலர் பேப்பரைச் சுற்றி, குழலுக்கு அடியில் கட்டினாய். மூட்டை அடுக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வாய். பக்கத்து அடுக்கில் ஏழுமலை. அவன்தான் இடம் பார்த்து, "மாப்ள கீறான், தூணாண்ட கீறான்" என்று குரல் கொடுப்பான். டப்பென்று ஒரு சத்தம். பெருச்சாளி எகிறி விழுந்து மல்லாந்து கால் உதறும். சாகிறதைத் தின்ன இன்னொன்று வரும், அதையும் சுடுவாய். உயிர் பாதி போனதை ஏழுமலை இறங்கிப் போய்க் கொக்கியால் குத்துவான். "என் வெரலத் துன்ன வாயி இதான், இதான்!" என்று செத்ததையும் விடாமல் குத்துவான். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் வெறும் ஈரமாகத்தான் தெரியும். காலையில் விளக்கைப் போட்டால் சாக்கெல்லாம் தெறித்திருக்கும். நீ வாலைப் பிடித்து வரிசையாகக் கிடத்திவிட்டுத்தான் டீ குடிக்க வருவாய்.

அந்த ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கன்டெய்னர் லாரி வந்தது. காலையில் வர வேண்டியது. வாட்ச்மேன் என்னை எழுப்பி, பின்பக்க ஷட்டரைத் திறக்கச் சொன்னான். நீங்கள் முன்பக்கமாக உள்ளே போயிருப்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் குனிந்து உள்ளே நுழைந்து, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வழி இருக்கிறதா என்று மூட்டை இடுக்கில் தலையை நீட்டிப் பார்த்தேன். லாரி லைட் அடித்ததில் அடுக்கின் மேலிருந்த ஏழுமலைக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நீ சுட்டுவிடப் போகிறாய் என்று பதறி, தொண்டை கிழியக் கத்தினான்.

"டேய் பாய்! மாப்ள கீறான்டா! அங்க மாப்ள கீறான்!"

நீ அதை எப்படிக் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் தடவை கேட்ட குரல்தானே. ஒன்பதில் வைத்திருந்த ஸ்கோப்பில் உனக்கு முகம் தெரியவில்லை, தலை தெரியவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் மின்னிய ஒரு கண் மட்டும் தெரிந்தது. சுட்டுவிட்டாய்.

எனக்கு முதலில் வலிக்கவில்லை. யாரோ கன்னத்தில் ஓங்கி அறைந்ததுபோல் தலை பின்னால் போனது. வெந்நீர் ஊற்றியதுபோல் ஏதோ வழிந்தது, தொட்டால் கையில் கொழகொழவென்று வந்தது. அப்புறம் வந்தது வலி. நான் போட்ட அலறலில் லாரி டிரைவர் இறங்கி ஓடியே போய்விட்டானாம். விளக்கு எரிந்தபோது ஏழுமலை உன்னை அடுக்கிலிருந்து இழுத்துக் கீழே தள்ளியிருந்தான். "என் தங்கச்சி தாலிய அறுத்துட்டியேடா, சோமாறி!" என்று கொக்கியை ஓங்கி உன் தோளில் இறக்கினான். சதை கிழிந்து சட்டையோடு வந்தது. நீ கையைக்கூடத் தூக்கவில்லை. "குத்துடா, இன்னும் குத்து" என்று தோளைக் காட்டிக்கொண்டு நின்றாய். அவன் அடுத்ததை உன் கழுத்துக்கு ஓங்கினான். விட்டிருந்தால் அன்றைக்கே உன் கதை முடிந்திருக்கும்.

ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நான் கத்தினேன். "வுடு மச்சான்! அவன் என்னியச் சுடல, எலியச் சுட்டான்! எலிடா! எலி!"

ஓடி வந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். அந்தக் குடோனில் அதுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஏழுமலைக்கு அப்போதுதான் தான் என்ன சொல்லிக் கத்தினோம் என்று புரிந்தது. கொக்கியைப் போட்டுவிட்டுத் தலையிலடித்துக்கொண்டு தரையில் குந்திவிட்டான்.

போலீஸ் கேட்டபோதும் அதையே சொன்னேன். சின்ன ரவையாக இருந்ததால் கண்ணோடு போயிற்று, பெரியதாக இருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். பாதி பாதி என்றாய் அல்லவா. நான் சொன்ன பாதி என் உயிரைக் காப்பாற்றியது, நீ சொன்ன பாதி கண்ணைக் கொண்டுபோனது. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. ஃபோர்க்லிஃப்ட் கம்பியை மூட்டைக்கு அடியிலிருக்கும் பலகைக்குள் விடுவதாக நினைத்து மூட்டையில் குத்தினேன். என்னை எடைமேடை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கண் ஒன்றைப் பொருத்தினார்கள். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன் பாய், சத்தியமாகத் தாங்கிக்கொண்டேன்.

நீ என் முகத்தைப் பார்க்காததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தினமும் வந்தாய். ஆஸ்பத்திரிக்கு வந்தாய், வீட்டுக்கு வந்தாய், டீக்கடைக்கு வந்தாய். எப்போதும் என் வலது பக்கம், கண் இல்லாத பக்கம் உட்கார்ந்துகொண்டாய். நான் திரும்பினால் நீயும் நகர்வாய். குரல் மட்டும் வரும், டீ கிளாஸ் நீட்டுகிற கை மட்டும் வரும். வருஷக்கணக்காக நான் ஒரு குரலோடு டீ குடித்தேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாதா? ஒரு நாள் கிளாஸை ரோட்டில் விட்டெறிந்துவிட்டு உன் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். "பாரு பாய். ஒரு தடவ பாரு. நான்தான கேக்கறேன்." நீ கண்ணை இறுக மூடிக்கொண்டாய்.

"வோணாம் நைனா. ஒம்போதுல வச்சுப் பாத்துட்டேன். அதுக்கு மேல என்னால பாக்க முடியாது."

நான் தாடையை விட்டுவிட்டேன். உன்னை என்ன செய்ய முடியும், சொல்.

மீஞ்சூர் குடோனுக்குச் சின்ன ரவைத் துப்பாக்கியும் நாலு மடங்கு ஸ்கோப்பும் வாங்கிக் கொடுத்தேன். அங்கிருக்கும் லோடுமேன்களை நிற்கவைத்து, எலியை எலி என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பேர் வைத்தவன் வாயைக் கிழித்துவிடுவேன் என்றேன். "ஐயே, ராத்திரில அத்தப் போயி பேர் சொல்லுவாங்களாண்ணே? துணியெல்லாம் நாசம் பண்ணிடும்" என்று ஒருவன் இழுத்தான். பண்ணட்டும், துணி நான் எடுத்துத் தருகிறேன் என்று எரிந்து விழுந்தேன். மேனேஜர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

உன்னைப் புதைக்கக் கொண்டுபோன அன்று, உன் மூத்த மகன் கபன் துணியை முகத்திலிருந்து விலக்கி, "பாக்கறவங்க பாத்துக்குங்க" என்றான். ஏழுமலை ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். நான் முன்னால் போய் உன் முகத்துக்கு நேரே குனிந்தேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் நீ நகராமல் இருந்தாய். தாடி முழுக்க நரைத்துப் போயிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கண் மூடியிருந்தது. செத்தும் என்னை ஏமாற்றிவிட்டாயே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. உன் மகன் என் தோளைத் தொட்டு, "அழாதீங்க மாமா" என்று துண்டால் என் முகத்தைத் துடைத்தான். இரண்டு பக்கமும் துடைத்தான், பாய். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தும் தண்ணீர் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது டீக்கடையில் தனியாகத்தான் உட்காருகிறேன். வலது பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை. கிளாஸைக் கையில் வாங்கியதும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசுகிறேன். அங்கே எனக்கு எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் நீ இருக்கலாம் இல்லையா.