மூன்றாவது பலகை

விண்ட்வர்ட், கரியாகூ
10 ஜூன் 1974

அன்புள்ள தங்கச்சி எனிட்,

காற்றுப்பெட்டிகளை எடுத்தது நான்தான். பிள்ளைகளின் பாய்ப்படகுக்கென்று, சட்டைக்கு வெட்டுவதுபோல் நீ பழுப்புத் தாளில் வெட்டிய மாதிரியில் இருக்கைக்கு அடியில், நீர் ஏறினாலும் படகை மிதக்கவைக்க இரண்டு மூடிய பெட்டிகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டால் படகுக்கு மூன்று பிளைவுட் பலகைக்குப் பதில் இரண்டே போதும் என்று, உனக்குத் தெரியாமல் வேறு தாளில் படியெடுத்து அறுத்தேன். இருக்கைக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம். பிள்ளைகள் போன படகில் நீர் ஏறி அது கல்லாக இறங்கிய பிறகு, பெட்டி எங்கே என்று தேவாலயக் கூடத்தில் கேட்டார்கள். "எனிட்டோட தாள்ல இல்ல, நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். நீ வாயே திறக்கவில்லை. மறுவாரம் திரினிடாடுக்குக் கப்பல் ஏறிவிட்டாய்.

மூன்று பலகைச் செலவு என்றால் பாதி வீடுகள் பின்வாங்கியிருக்கும். இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கான்ரட்டின் மகள் ஜஸின்டா ஒரு துடுப்பைக் கட்டிக்கொண்டு மிதந்தாளே, அவள் இன்றுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. என்னைக் கண்டால் சிரிக்கிறாள். அதுதான் தாங்கவில்லை. விருந்துகளில் மறைந்த அப்பா அம்மாவுக்கென்று சோளக்களியும் மீனும் எடுத்து வைக்கும் அறைப் பக்கம் எட்டு மாதமாக நான் போகவில்லை.

இன்னும் இருக்கிறது. "பக்கங்களை நாலு விரல் உயர்த்திட்டேன், இனிமே தண்ணி ஏறாது" என்று சொல்லி என் தாளை மூன்று ஊர்களுக்குக் கொடுத்தேன். ஒன்பது படகுகள் தயாராகிவிட்டன. ஆகஸ்டில் பந்தயம். போன வாரம் அதில் ஒன்றை யாரும் இல்லாத நேரத்தில் துறையோரம் நீர் நிரப்பிப் பார்த்தேன். நேரே அடிக்குப் போனது.

பெட்டியின் வளைவை நானே மூன்று முறை வரைந்து அறுத்துப் பார்த்துவிட்டேன். பொருந்தாமல் மூட்டில் வெளிச்சம் தெரிகிறது. அசல் தாள் உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பு.

உன் அண்ணன்
ஹோசியா


போர்ட் ஆஃப் ஸ்பெயின்
21 ஜூன் 1974

அன்புள்ள அண்ணா,

நான் நலம். பள்ளிச் சீருடை தைக்கும் காலம், முதுகை நிமிர்த்த நேரமில்லை. அங்கே மழை வந்ததா? இருமல் எப்படி இருக்கிறது?

எழுபது பேர் கேட்க என்மேல் போட்ட பழியை, ஒட்டிய உறைக்குள் வைத்து எனக்கு மட்டும் திருப்பித் தருகிறீர்கள்.

அன்று அசல் என் பைக்குள்தான் இருந்தது. விரித்துக் காட்டியிருக்கலாம். ஊர் நடுவே அண்ணனைப் பொய்யனாக்கக் கை வரவில்லை. கௌரவம் பார்த்தேன். அந்த ஒன்பது படகில் என் பங்கும் இருக்கிறது.

அந்தத் தாள் என் ஒருத்தியுடையதும் இல்லை. மாவுமூட்டைத் துணியில் பாய் தைக்கலாம் என்றது லூசில். பாயின் அடிக்கம்பு தலையில் இடிக்காத உயரத்தை ஜஸின்டாவை நிற்கவைத்துத்தான் குறித்தோம். "பெட்டி இல்லாம எம்பிள்ளைய ஏத்தமாட்டேன்" என்றது கான்ரட். நீங்கள் எல்லோருடைய சொல்லையும் சேர்த்து அறுத்திருக்கிறீர்கள்.

தாளை இத்துடன் அனுப்புகிறேன். பிள்ளைகளை நடுவில் வைத்துப் பேரம் பேசமாட்டேன். ஆனால் கூடத்தில் சொல்லாதவரை எனக்கு எழுதாதீர்கள்.

எனிட்


விண்ட்வர்ட்
8 ஜூலை 1974

அன்புள்ள எனிட்,

நேற்றுப் பூசை முடிந்ததும் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"வாய் தெறக்க ஒம்போது மாசமா? அதுக்குள்ள ஒரு பிள்ளையே பெத்துருக்கலாமே பெருசு!" என்றாள் லூசில். கூடம் சிரித்தது. கான்ரட் சிரிக்கவில்லை. "எம்பொண்ணு செத்துருந்தா அப்பவும் எனிட்டோட தாளுன்னுதான் சொல்லிருப்பியா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

பக்கங்களை உயர்த்தியது மட்டும் சரி என்றேன். கத்தினார்கள். இப்போதும் சொல்கிறேன், சரிதான்.

கூடத்தில் முடிவானவை:

கான்ரட் மூன்று ஊர்களுக்கும் போய் ஒன்பது படகுகளையும் இங்கே இழுத்து வர வேண்டும். என் தாள்களைக் கேட்டு வாங்கி எரிக்க வேண்டும்.

நீ அனுப்பிய அசலை லூசில் துணியில் படியெடுத்து ஊருக்கொன்று கொடுக்க வேண்டும். மூலையில் உன் பெயரோடு, யோசனை சொன்னவர்கள் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். என் பெயர் வேண்டாம்.

மூன்றாவது பலகைக்கு யாரும் எதுவும் தேட வேண்டாம். என் பட்டறைச் சுவர் பிளைவுட்தான். இன்று காலை பிரித்துவிட்டேன். படகுக்கு ஒன்றாகச் சரியாக ஒன்பது தேறியது.

ஜஸின்டா எதுவும் செய்ய வேண்டாம். அவளைத் தண்ணீருக்கு வா என்று யாரும் கூப்பிடக்கூடாது.

பெட்டி பொருத்தி முடித்ததும், ஒவ்வொரு படகையும் துறைக்கு அப்பால் ஆழத்தில் நிறுத்தி விளிம்புவரை நீர் நிரப்பி, அதற்குள் நான் உட்கார வேண்டும். ஒன்பது முறை. இதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதன் கரைமுனையைப் பிடிக்க வேண்டியவர்: அந்த இடத்தில் மட்டும் இன்னும் எந்தப் பெயரும் எழுதவில்லை.

ஹோசியா