பெல்மோர் தோட்டத்தில் கோடரி விழக்கூடாது

அரசு மாளிகை,
செயின்ட் ஆன்செல்ம் தீவு,
1894 மார்ச் 9.

அன்பும் மரியாதையும் கலந்த அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கப்பலில் வந்தது. நீங்கள் அண்ணனாக எழுதினீர்களா, ஆஷ்கோம்ப் பிரபுவாக எழுதினீர்களா என்று இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை. பெல்மோர் நம் குடும்பத் தோட்டமாம். போலீசை அனுப்பி ஆட்களைக் கரும்பு வெட்ட இறக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் என்னைத் திரும்ப அழைக்கச் சொல்வீர்களாம். சொல்லக்கூடியவர்தான், மந்திரியோடு வேட்டைக்குப் போகிறவர். சொத்தில்லாத கடைசித் தம்பிக்கு இந்த கவர்னர் வேலை கிடைத்ததே நீங்கள் அவரிடம் பேசியதால்தான். மறக்கவில்லை. ஆனாலும் போலீசை அனுப்ப மாட்டேன். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள்.

இங்கே குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து, அதன்மேல் ஒரு கன்று நடுவார்கள். அந்த மரம் அந்தப் பிள்ளைக்கு. உன் ஊர் எது என்று கேட்டால் மரத்தைத்தான் காட்டுவார்கள். நிலம் உங்களுடையது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. மரமும் உங்களுடையது என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. உங்கள் மேனேஜர் மக்கில்ரே இன்னும் கொஞ்சம் கரும்பு வைக்கலாமென்று, குடிசைகளைச் சுற்றியிருந்த தென்னையையும் சீமைப்பலாவையும் வெட்டத் தொடங்கினார். பாதி வெட்டுவதற்குள் தோட்டமே கத்தியைக் கீழே போட்டுவிட்டது. முற்றிய கரும்பு காய்வதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

நானே குதிரையில் போனேன். கவர்னருக்குரிய இறகு வைத்த தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை; அதைப் போட்டால் கோழி திருடியவன் மாதிரி இருக்கிறேன் என்று என் மனைவி அரபெல்லா சொல்கிறாள். வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் யூலாலி நின்றிருந்தாள். கரும்பும் வெட்டுவாள், பிரசவமும் பார்ப்பாள். ஊரே அவள் பேச்சைக் கேட்கும்.

"தொரை, இதுக்கடியிலதான் எம்மவனோட கொடி கெடக்கு. இந்தக் கட்டையக் காட்டி, இதுதான்டா ஒன் ஊருன்னு எப்படிச் சொல்லுவேன்? தெரிஞ்சா நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள்.

"அவருக்கு என்னாத்தத் தெரியும், கப்பல்ல பொறந்தவரு, மரமேது" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இனி ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டேன். பிரபு கேட்டால் என்ன சொல்வது என்றார் மக்கில்ரே. அவருடைய கடைசித் தம்பி தடுத்தான் என்று சொல்லும் என்றேன். அன்றிலிருந்து தோட்ட முதலாளிகள் யாரும் எங்கள் வீட்டு விருந்துக்கு வருவதில்லை. அரபெல்லாவுக்கு வேலை மிச்சம்.

என் உத்தரவு நான் இங்கே இருக்கும்வரைதான் நிற்கும். என்னைத் தாராளமாகத் திரும்ப அழையுங்கள், அதற்காக உத்தரவை மாற்ற மாட்டேன். எனக்குப் பின்னால் வருகிறவர் யாரோ எப்படியோ. அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறேன். கோடரியை உள்ளே வைக்கும்படி மக்கில்ரேக்கு எழுதுங்கள். அந்தக் கடிதம் வந்த மறுநாளே கரும்பு வெட்ட இறங்குவதாக யூலாலி வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

இன்னொன்று. எங்களுக்குப் பையன் பிறந்த தந்தி கிடைத்ததும், அடுத்த தலைமுறையில் பட்டத்துக்கு ஒரே வாரிசு வந்துவிட்டான் என்று ஆஷ்கோம்பில் மணி அடிக்கச் சொன்னீர்களாம். அரபெல்லா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். பிரசவம் பார்த்தவள் யூலாலிதான். கொடியை எங்கே புதைப்பது என்று அவள் கேட்டிருக்கிறாள். அரசு மாளிகை நாளைக்கு இன்னொருவர் வீடு, எங்கள் குடும்பத்து மண்ணிலேயே வை என்று அரபெல்லா சொல்லியிருக்கிறாள். எனக்கு இது தெரியாது. அன்று பெல்மோரில்தான் யூலாலி அந்தக் கொடிமேல் நட்ட சீமைப்பலாக் கன்றைக் காட்டினாள். மக்கில்ரே வெட்டுவதற்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கும் வரிசையில், கடைசியில் நிற்கிறது.

அதை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள், அண்ணா. மற்றவை விழுந்து அது ஒன்று நின்றால், அதை நானே வெட்டிவிடுவேன். எல்லாவற்றையும் விடச் சொல்லுங்கள். நம் பையனை ஆசீர்வதிக்கும்போது அவனுடைய ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து ஆசீர்வதியுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
பெரிக்ரின்