தோடை இலையில் பெண்கள் மட்டும்

அக்கா,

இன்று கண்டிச் சந்தையில், ஆரஞ்சு என்று நான் சொன்னால் நீங்கள் திருத்துவீர்களே, அந்தத் தோடம்பழம் வாங்கினேன். ஒன்றின் தோலில் மண்ணிறச் சொறி படிந்திருந்தது. கடைக்காரர் அதை ஒதுக்கிவிட்டு நல்லதைத் தந்தார். நான் அந்தச் சொறிப் பழத்தைத்தான் கேட்டு வாங்கினேன். பஸ் வரும்வரை அதில் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் மூன்று மாதமாகிறது. போரால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்ததால் உங்கள் அம்மாவால் வரக்கூட முடியவில்லை.

நான் மடுல்கெலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவள். கண்டியில் ஒரு சிங்கள வீட்டில் சமையலறை வேலை பார்த்துவிட்டு, உங்கள் ஆய்வுகூடத்துக்குக் குப்பி கழுவ வந்தேன். யார் எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன். உங்களிடம் மட்டும்தான் வாய் திறந்தது. தோடை இலையைத் திருப்பி, உருப்பெருக்கியில் சிவப்புப் புள்ளிகளாய் ஊரும் சிற்றுண்ணிகளைக் காட்டினீர்கள்.

"எல்லாம் பெட்டை. ஒரு ஆணும் இல்லை."

"ஆம்பள இல்லாம எப்படிக்கா குடும்பம் நடக்கும்?"

"உள்ளுக்க ஒரு பக்டீரியா குடியிருக்கு. தாயிட்ட இருந்து முட்டைக்குப் போகும். ஆணாப் பிறக்க வேண்டியதையும் பெட்டையாக்கிப்போடும்."

"எங்க வீடு மாதிரியே இருக்கு. அம்மாவும் நாலு பொண்ணுங்களும்."

"அப்ப உங்கட வீட்டிலயும் கிருமிதான்!" என்று உட்கார்ந்திருந்த கதிரை ஆடும்படி சிரித்தீர்கள்.

கிருமியைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் ஆண்கள் பிறக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் கடுகண்ணாவைத் தோடைத் தோட்டத்தில் இலைகளுக்கு மருந்து வைத்தீர்கள். அந்த இலைகளை ஈரப் பஞ்சோடு சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நாம் திரும்பிய அன்று, சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். உங்கள் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்தது. பெட்டியில் என்ன என்று சிப்பாய் கேட்டான். உங்களுக்குத் தெரிந்த சிங்களம் அகராதிச் சிங்களம்.

"விஷபீஜ" என்றீர்கள்.

சிங்களத்தில் கிருமிக்கு அதுதான் சொல். சொல்லில் பிழையில்லை. ஆனால் அதற்குள்ளேயே விஷம் இருக்கிறது. அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துவக்கை உங்கள் பக்கம் திருப்பினான். உங்களை இறங்கச் சொன்னான். அப்படி இறங்கியவர்களில் எத்தனையோ பேர் திரும்பி ஏறவில்லை என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

என் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "மாத்தயா, தொடம் கொள லெடக்! தோடை இலைக்கு வந்த நோய், அவ்வளவுதான்" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே உங்கள் பின்னால் இறங்கினேன். இவங்க இதைத்தான் ஆராய்கிறாங்க என்று சொல்லி உருப்பெருக்கியை அவன் கையில் கொடுத்தேன். அவன் பெட்டியிலிருந்த இலையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இந்தத் துணுக்குப் பூச்சிக்கா இவ்வளவு படிப்பு? எங்க வீட்டு மரத்திலயும் இருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?" என்றான். பிறகு உங்களைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டான். நான் பதில் சொன்னேன். கையசைத்து ஏறச் சொன்னான்.

"கடைசியா அவன் என்ன கேட்டவன்? நீ என்ன சொன்னனீ?" என்றீர்கள் பஸ்ஸில்.

"இலைக்கு என்ன மருந்துன்னு கேட்டான்க்கா" என்றேன்.

அது பொய். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, மடுல்கெலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துக்காரி என்ன உறவு என்று கேட்டான். எங்கள் அண்ணன் கட்டிய பெண் என்றேன். இல்லாத அண்ணனுக்கு ஒரு நொடியில் கல்யாணமும் செய்துவைத்துவிட்டேன். வெட்கத்தில் அதை உங்களிடம் சொல்லவே இல்லை.

இரண்டு வாரத்தில் அந்த இலைகளில் ஒல்லியாக ஓர் உண்ணி ஓடியது. "வந்திட்டான் பாரடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது சாவடி வரிசையில் யாராவது சிங்களம் தெரியாமல் திணறினால், கூப்பிடாமலே போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். என்ன உறவு என்று கேட்பார்கள். சித்தி, மாமா, பெரியம்மா என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். அண்ணி என்று மட்டும் இன்னும் யாரையும் சொல்லவில்லை.