பச்சை என்றால் உயிர்

ஜூலை 8, செவ்வாய்
மும்பையில் விடாத மழை. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர். செம்பூர் ஆய்வகம் சேரப் பதினொரு மணி.
லேசரால் தோல் செல்களை அச்சடித்தேன். மேல் கண்ணாடியில் தங்கப் பூச்சு, அதனடியில் செல் கலந்த ஜெல். லேசர் பட்ட இடத்திலிருந்து ஒரு துளி கீழ்த் தட்டில் விழும். வரிசை நூல் பிடித்தது போல. சாயம் போட்டுப் பார்த்தால் எல்லாம் சிவப்பு. சிவப்பு என்றால் செத்தது. பச்சை ஒன்றிரண்டு.
வெள்ளியன்று நிதிக்குழு வருகிறது.
வாங்க: குடை, அக்காவுக்குத் தைலம்.

ஜூலை 9, புதன்
லேசர் சக்தியைக் குறைத்தேன். துளியே விழவில்லை. கூட்டினேன். சிவப்பு. மதியச் சாப்பாடு இல்லை.
வழிகாட்டி லலிதா மேடம் பின்னால் வந்து நின்றார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். "போன மாசப் படம் பச்சையா நன்னா இருந்ததே. அதை வச்சுடு."
"அது கையால பிப்பெட்ல வச்சது மேடம். லேசர் இல்ல."
"யாரு கேக்கப் போறா? ப்ராஜெக்ட் நின்னா உனக்கு மட்டுமா போறது? சுனிலுக்கும் வேலை போயிடும்."
எங்கள் உதவியாளர் சுனில், ஐம்பது வயது, தட்டு கழுவிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாது. தன் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 10, வியாழன்
போன மாசப் படத்தையே வைத்துவிட்டேன். படத்தின் கீழே 'லேசர் அச்சு' என்று அடித்தது என் விரல்தான்.
தாராவி வீட்டில் அக்கா: "ஏட்டி, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க? யாரும் ஏசுனாவளா?"
சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டாள். "அத நம்பி, தீக்காயம் பட்டவங்க மேல ஒட்டுவாவளா?"
"இப்ப இல்லக்கா. பின்னால ஒட்டலாம்."
"பொறவு ஒட்டுனா மட்டும் பொய்யி நெசமாயிருமா?"

ஜூலை 11, வெள்ளி
மழை விட்டிருந்தது. குழுவில் மூன்று பேர். பச்சைப் படம் வந்ததும் ஒருவர் தலையாட்டினார். அடுத்த படத்துக்குத் தள்ள விரலை வைத்தேன். தள்ளவில்லை. இது லேசரில் வந்ததல்ல, கையால் வைத்தது என்றேன். லேசரில் எல்லாம் செத்துவிட்டன என்றேன். சிவப்புப் படத்தையும் திறந்து காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.
மூத்தவர் கேட்டார்: ஜெல் பூசி எவ்வளவு நேரம் கழித்து லேசர்? அரை மணி. ஏசியிலா? ஆமாம்.
"சூக் ஜாதா ஹோகா."
ஜெல் காய்ந்துபோகிறது! எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 14, திங்கள்
முடிவு வந்தது. நிதி இன்னும் மூன்று மாதத்துக்கு மட்டும். சுனில் இருக்கிறார்.
ஈரத்துணி விரித்த டப்பாவில் தட்டை வைத்து, ஜெல் பூசிய இரண்டாம் நிமிடமே லேசர். சாயம். பாதிக்கு மேல் பச்சை. மறுபடி எண்ணினேன். பச்சைதான்.
மேடத்தைக் கூப்பிடப் பயம். கூப்பிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்."
"லேசர் இல்லன்னு அன்னைக்கே சொன்னேன் மேடம்."
அடுத்த தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
"இன்னொரு தட்டு பூசு" என்றார்.