அக்காவுக்கு வரைந்த அட்டைகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பாதி தண்ணீர் இருந்த கண்ணாடித் தம்ளரின் நிழலை வரைந்தேன். நிழல் என்றால் கறுப்பு என்று யார் சொன்னது? ஓரத்தில் ஒரு கீற்று ஆரஞ்சு, நடுவில் நீலம் கலந்த சாம்பல். மேசைமேல் அந்த வெயில் பத்து நிமிடம்தான் நிற்கும். அதற்குள் பிடித்துவிட்டேன். இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டே தூரிகையைக் கழுவினேன்.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து அக்கா. "அது... அது... அது..."

பக்கவாதம் வந்து ஐந்து வாரம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது இந்த ஒரு சொல்தான். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அவள் வகுப்பில் பேசினால் எதிர்க்கட்டிடத்தில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான் என்பார்கள்.

தண்ணீர் கொண்டுபோனேன். இல்லை. சீப்பு, போர்வை, தலையணை — எதுவும் இல்லை. கடைசியில் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகுதான் பார்த்தேன். திரை விலகி, வெயில் நேராக அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ. நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே வெயிலை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு கட்டு பட அட்டைகள் கொண்டுவந்தார். வேண்டியதை அக்கா தொட்டுக் காட்டினால் போதுமாம். அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டையே தள்ளிவிட்டாள். தப்பில்லை. அதில் இருந்த கோப்பை உலகத்தில் யார் வீட்டிலும் இருக்காது.

"நான் வரைஞ்சு தரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க ஓவியர்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

அக்காவின் எவர்சில்வர் தம்ளரையே வரைந்தேன், விளிம்பில் இருக்கிற நசுங்கலோடு. அக்கா அதைப் பார்த்தாள். தொட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

இருபத்தைந்து வருடமாக வரைகிறேன். ஒரு படத்தைப் பார்த்தவுடன் ஒருவருக்குத் தாகம் தீர்ந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 11, புதன்

இருபத்திரண்டு அட்டை ஆகிவிட்டது. ஜன்னல், திரை, சீப்பு, ரேடியோ, பாதி நறுக்கிய ஆரஞ்சுப்பழம். பழத்தின் தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளையைக் கொண்டுவர மூன்று தாள் வீணானது. நான்காவதில் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

உண்மையை எழுத வேண்டும், வேறு எங்கே எழுதப்போகிறேன்? அக்கா பழம் சாப்பிட்டதைவிட அந்த வெள்ளை வந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இது என்ன மனசு?

மார்ச் 16, திங்கள்

பயிற்சி அம்மா அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். பிறகு கட்டை முதலிலிருந்து இன்னொரு தடவை புரட்டினார்.

"வலி எங்கம்மா? கக்கூஸ் எங்க? வேண்டாம்னு சொல்ல எதுவுமே இல்லையே. உங்கக்காவுக்குக் கோபமே வராதா?"

"கணக்கு டீச்சருங்க" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை. எனக்கு வரையப் பிடித்ததை எல்லாம் வரைந்து, இதைத்தான் நீ கேட்கலாம் என்று அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

வலி, கக்கூஸ், படுக்கை, வேண்டாம் என்று நீட்டிய கை. கோபத்துக்கு அக்காவின் முகத்தையே போட்டேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போட்டது.

இன்று நான்கு தடவை கோபம். மூன்று என்மேல். ஒன்று ரேடியோமேல்.

மார்ச் 24, செவ்வாய்

அக்கா மகள் போன் செய்தாள். அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகிறாளாம். தரைத்தள வீடு, இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி, பகலில் பார்த்துக்கொள்ள நர்ஸ்.

"ஏற்கெனவே முதுகு பிடிச்சு ஒரு வாரம் கிடந்தீங்க சித்தி. இன்னும் எத்தனை நாள் தனியா தூக்குவீங்க?"

"அக்காவுக்கு இங்கதான் பிடிச்சிருக்கு."

"அம்மா சொன்னாங்களா?"

சொல்லவில்லை. சொல்வதற்கு அட்டை இல்லை.

மார்ச் 25, புதன்

இரண்டு வீட்டையும் வரைந்தேன். நம் வீட்டின் ஜன்னலில் வெயில், நாற்காலியின் மேல் அக்காவின் நீலச் சால்வை. மகள் வீட்டுக்கு ஒரு கதவு. சாம்பல் நிறம். ஜன்னலே போடவில்லை.

பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சீ. வாய் பேச முடியாதவளிடம் இப்படி ஒரு பொய்யா? எந்த வண்ணத்தைத் தொட்டால் கண் எங்கே போகும் என்று தெரிந்தவள் நான். தெரிந்துதான் செய்திருக்கிறேன்.

கிழித்துப் போட்டேன்.

மார்ச் 26, வியாழன்

மகளிடம் வீட்டின் போட்டோ கேட்டேன். பால்கனி, வெள்ளை நாற்காலி, எதிரே ஒரு பெரிய மரம். நம் வீட்டுக்குப் போட்ட அதே மஞ்சளை அங்கேயும் போட்டேன். வாசலில் மகளை நிறுத்தினேன். நம் வாசலில் யாரையும் நிறுத்தவில்லை. எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படம் நம் வீட்டுப் படத்தைவிட நன்றாக வந்துவிட்டது. கை வைக்காமல் விட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

மகள் வந்தாள். இரண்டு அட்டையையும் மெத்தைமேல் வைத்தோம். "எங்க இருக்கணும்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். மகள் வீட்டின்மேல் விரலை வைத்தாள்.

"வலது பக்கம் இருக்கிறது அவளுக்குச் சரியாத் தெரியாது" என்று சொல்லி அட்டைகளை இடம் மாற்றி வைத்தேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. மறுபடி அதே வீடு. இன்னொரு தடவை மாற்ற நான் கை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என் நெஞ்சில் விரலை வைத்தாள். அப்புறம் படுக்கை அட்டையில்.

"நான் படுக்கணுமா அக்கா?"

"அது" என்றாள்.

"உங்களக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்றாங்க சித்தி."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவளுக்கு மகளோடு இருக்க ஆசையா, இல்லை என் முதுகைப் பார்த்து முடிவு பண்ணினாளா? கேட்பதற்கு எப்படி வரைவது?

ஏப்ரல் 4, சனி

போய்விட்டாள். நாற்பத்தொரு அட்டையையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். கார் ஏறும்போது கோபத்தைத் தேடி எடுத்து டிரைவரிடம் காட்டினாள். அவர் பெல்ட்டை மெதுவாகப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 15, புதன்

முதுகு தேவலை. ஒரு கோடுகூடப் போடவில்லை. வெயில் வருகிறது, போகிறது.

மே 9, சனி

தபாலில் ஓர் உறை. உள்ளே ஓர் அட்டை, மகளின் கடிதம்.

"சித்தி, பெட்டியில இருக்கிற எல்லா அட்டையையும் ரெண்டு நாளா தள்ளித் தள்ளி விட்டாங்க. எது கேட்டாலும் இல்லைங்கிறாங்க. கடைசியில என் கையில இருந்த பேனாவப் பிடுங்கி, இடது கையால இதப் போட்டாங்க. பாத்ததும் யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இதே மாதிரி இன்னொண்ணு போட்டு இங்க வச்சிருக்காங்க. தினமும் சாயங்காலம் அதத்தான் தொட்டுக் காட்டுறாங்க. எப்ப வர்றீங்க?"

கோணலாக ஒரு வட்டம். நெற்றிக்குமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. கொண்டையில் செருகிய பென்சில். மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் நான்தான். யார் பார்த்தாலும் சொல்வார்கள்.



வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பைக்குள் இன்னும் துணி எதுவும் வைக்கவில்லை. வண்ணப் பெட்டியை வைத்துவிட்டேன்.