டிரைவ்வேயில் குளித்த அப்பா

என் செல்ல அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை அப்பாவை ஒரு பழைய பங்களாவுக்குக் கூட்டிப்போனேன். நான் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து கிளம்பி, டெக்சாஸ் எல்லை தாண்டி, லூசியானாவுக்குள் இருக்கிறது. பருத்தித் தோட்ட முதலாளியின் வீடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதை ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கியிருக்கிறார்கள். நீ நர்ஸ் ஆயிற்றே, அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

உண்மையில் எனக்கு வேறு கணக்கு. அவர் இனி என்னோடு இங்கேயே இருக்க வேண்டும். திருநெல்வேலி வீட்டில் தனியாக விழுந்து கிடந்தால் யார் தூக்குவது? கிரீன் கார்டு அப்ளை பண்ணலாமா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "பாப்போம்" என்பார். அவ்வளவுதான்.

கைடு ஒரு வயதான அம்மையார். கதவைக் கழற்றிப் பீப்பாய்கள் மேல் போட்டு, அதில் வைத்துத்தான் காயம்பட்ட சிப்பாய்களின் கை கால்களை வெட்டினார்களாம். தரையில் கறுத்த திட்டைக் காட்டி ரத்தம் என்றார். பழைய மரம் எப்படியும் கறுக்கும். முதலாளி மனைவியின் கருணையைப் பற்றி அவர் இழுத்துக்கொண்டே போனார்.

"ராத்திரி தண்ணி யாருல கொண்டு குடுத்தது? கேளு" என்றார் அப்பா.

கேட்டேன். அடிமைகள்தான், பெயர்கள் தெரியவில்லை என்றார் கைடு.

"செத்தவங்கள ஊருக்கு அனுப்புனாவளா?"

இல்லையாம். பின்னால் ஓக் மரங்களுக்கு அந்தப் பக்கம் மொத்தமாகப் புதைத்தார்களாம். சொந்தக்காரர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே வாரக்கணக்காகுமாம்.

திரும்பும் வழியில் அப்பா எதுவும் சாப்பிடவில்லை. "சுகர் மாத்திரை போட்டிருக்கீங்க, ஏதாவது சாப்பிடுங்கப்பா" என்று கத்தினேன். "வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் உள்ளே வரவில்லை. கார் நிறுத்தும் டிரைவ்வேயில் நின்று, செடிக்கு ஊற்றும் ஹோஸைத் திறந்து தலையில் பிடித்துக்கொண்டார். சட்டையோடு.

"அப்பா, உள்ள மூணு பாத்ரூம் இருக்கு! பக்கத்து வீட்டுக்காரன் போலீசக் கூப்பிடப் போறான்."

"கூப்பிடட்டும். அவனுக்கும் ரெண்டு ஊத்து ஊத்துதேன்."

உன் பேத்தி மாயா ஓடி வந்தாள். "தாத்தா, வாட் ஆர் யூ டூயிங்?"

"எழவு வீட்டுக்குப் போனா குளிச்சிட்டுதான் உள்ள வரணும், கண்ணு."

"ஹூ டைட்? யாரு செத்துட்டாங்க?"

அப்பா குழாயை மூடினார். பிறகு, "ஒங்க ஆச்சி" என்றார்.

நீ கொரோனா வார்டில் டூட்டி பார்த்து, அதிலேயே போனாய். உன்னைப் பொதிந்து கட்டி நேராக எரிக்கக் கொண்டுபோனார்கள். அப்பா அப்போது அதே ஆஸ்பத்திரியில் வேறொரு வார்டில் படுத்திருந்தார். எனக்கு விமானம் இல்லை. நம் வீட்டு வாசலில் ஒரு நாற்காலிகூட யாரும் போடவில்லை. யாரும் வந்து அழவில்லை, யாரும் குளிக்கவில்லை. நம் வீடு எழவு வீடாகவே ஆகவில்லை, இல்லையா அம்மா? இத்தனை வருஷமும் அவர் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாரா?

தலை துவட்டி, ரசஞ்சோறு சாப்பிட்டபின் சொன்னார்: "ஊருக்கு டிக்கெட் போடுல. நாலு பேரக் கூப்பிட்டு அவளுக்கு அழணும்."

"அப்புறம் திரும்பி வருவீங்களா?"

"தெரியலல. மொதல்ல அழுதுக்கிடுதேன்."

அவருக்கும் எனக்குமாக இரண்டு டிக்கெட் போட்டேன்.

வாசலில் பந்தல் போடுவோம், அம்மா. இவ்வளவு வருஷம் கழித்து எதற்கு இது என்று தெருவில் பேசுவார்கள். பேசட்டும். உன்னோடு வேலை பார்த்த நர்சுகளையெல்லாம் கூப்பிடுகிறேன். அப்பா எவ்வளவு நேரம் அழுதாலும் கடிகாரம் பார்க்க மாட்டேன். அழுது முடித்தபின் அவர் அங்கேயே இருக்கிறேன் என்றால், கையைப் பிடித்து இழுத்து வர மாட்டேன். இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்னும் குளிக்காத
உன் மகன்